விடுப்பே எடுக்காத பிரமோட்

தாய்லாந்தின் மகாச்சாயில் அந்த மீன் டப்பா கம்பெனியில் டும்முக்குத் தெரியாமல் ஒரு ஈ கூடக் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாது. புதிதாகச் சேர்கிறவருக்கு லாகின் திறந்து கொடுப்பது அவள் வேலை. வேலையை விட்டுப் போகிறவருக்கு அதை மூடுவதும் அவள் வேலை. பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வருபவரை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுப்பதும் அவள்தான். திட்டுவது வேலையில் சேராது. அதை இலவசமாகச் செய்துவந்தாள்.

பிறக்கும்போது தண்ணீர்ச் சாடி மாதிரி உருண்டையாக இருந்தாளாம். அதனால் அந்த ஊர்ப் பேச்சில் சாடியைக் குறிக்கும் டும் என்று அப்பா கூப்பிட ஆரம்பித்து, ஐம்பது வயதிலும் அதுவே நிலைத்துவிட்டது. அடையாள அட்டையில் வேறு பெயர் உண்டு. சாமியார்கள் சொன்னார்கள் என்று அதை மூன்று முறை மாற்றியும் விட்டாள். இப்போதைய பெயர் என்ன என்று திடீரென்று கேட்டால் பையைத் திறந்து அட்டையைத்தான் பார்ப்பாள். அந்தக் கம்பெனியில் எல்லாருமே அப்படித்தான். பத்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவனின் முழுப்பெயர் யாருக்கும் தெரியாது. இறால், கோழி, குட்டி, பருமன் என்று செல்லப்பெயர்களாலேயே ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது.

கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. மேலாளர் ஒருவர் தன் பாஸ்வேர்டைச் செயலாளரிடம் சொல்லிவைத்திருந்தார் என்பதற்காக, சம்பளப் பட்டியல் போக வேண்டிய நாளில் அவரை வெளியே பூட்டி நிறுத்தினாள். போட்டிக் கம்பெனிக்குப் போகிறவனுக்கு வழியனுப்பு விழா நடந்துகொண்டிருந்தபோது, அவன் கேக்கை வெட்டுவதற்குள் லாகினை மூடிவிட்டு வந்து முதல் துண்டை வாங்கித் தின்றாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு லாகினை மட்டும் நாலு வருடமாக மூடாமல் வைத்திருந்தாள். அது அவள் புருஷனுடையது. அவன் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

புருஷன் பெயர் டுய். ஏற்றுமதிப் பிரிவில் இருந்தான். கன்டெய்னர் வண்டிகளுக்கான தாள்களைக் கம்ப்யூட்டரில் விடுவிப்பது அவன் வேலை. ஒரு மழைநாள் காலையில், ஒரு வண்டிக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. சம்பளப் பிரிவு அன்றைக்கே அவன் சம்பளத்தை நிறுத்திவிட்டது. அதில் எந்தக் கம்பெனியும் தாமதம் செய்வதில்லை. ஆனால் சம்பளக் கம்ப்யூட்டரும் லாகின் கம்ப்யூட்டரும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி. ஒன்றில் நடந்ததை இன்னொன்றுக்கு ஒரு ஆள் தாளில் எழுதிக் கொண்டுபோய் டும் மேசையில் வைக்க வேண்டும். உன் புருஷனை மூடு என்று எழுதிய தாளை ஒரு பெண்டாட்டியிடம் எப்படிக் கொடுப்பது? சம்பளப் பிரிவுப் பெண் அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள். கொஞ்ச நாளில் அவளே வேலையை விட்டுப் போனாள். அவள் லாகினை டும் மூடினாள்.

தகனம் முடிந்து முதல் நாள் வேலைக்கு வந்த டும் திரையைத் திறந்தாள். உள்ளே இருப்பவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். பிரமோட் என்ற பெயருக்குப் பக்கத்தில் எரிந்தது. டுய்யின் அட்டைப் பெயர் அது. செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினாள்.

டுய்யின் நாற்காலியில் லெக் உட்கார்ந்திருந்தான். லெக் என்றால் சின்னவன். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். டுய் போன பிறகு அந்தப் பிரிவுக்கு அவன்தான் தலைவன்.

"அக்கா, அடிச்சிராதீங்க" என்று எழுந்து கைகூப்பினான். "கன்டெய்னர விடுற அதிகாரம் டுய் அண்ணன் லாகின்ல மட்டும்தான் இருக்கு. எங்களுக்குக் கேட்டா ஏழு கையெழுத்து வேணுங்கறாங்க. கப்பல் நமக்காக நிக்குமா?"

"பாஸ்வேர்டு எப்படிடா தெரிஞ்சுது?"

லெக் விரலை நீட்டினான். திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. டுய்யின் கோணல் கையெழுத்து. பாஸ்வேர்டை எழுதி ஒட்டாதே என்று அவனைக் கல்யாணமான நாளிலிருந்து திட்டியிருக்கிறாள். அந்தக் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதே மூடியிருக்க வேண்டும். அவளால் முடியவில்லை.

"ஒருத்தர் பேர்ல உள்ள போறதுன்னா அவரக் கேட்டுட்டுப் போகணும்" என்றாள் கடைசியில். "அதான் ரூல். கேக்காம ஒருத்தனும் கை வைக்கக் கூடாது."

கேட்டுக்கொண்டுதான் போனார்கள். ஒவ்வொரு ஷிஃப்டும் ஆரம்பிக்கும்போது கம்ப்யூட்டர் முன்னால் ஆவிகளுக்குப் படைக்கும் சிவப்பு சோடா ஒன்றைத் திறந்து, உறிஞ்சுகுழல் போட்டு வைத்து, "அண்ணே, உங்க பேர்ல உள்ள போறோம், கோச்சுக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டு அவன் ஊழியர் எண்ணையும் பாஸ்வேர்டையும் தட்டினார்கள். மூன்று ஷிஃப்டும் அதே லாகின்தான். டும் தினமும் காலையில் வந்ததும் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்ப்பாள். வந்துட்டான் என்று நினைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் காபி. அந்தப் புள்ளி அணையக் கூடாது. உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

செத்த பிறகு டுய்யின் உத்தியோகம் ஓஹோவென்று போனது. இரண்டாவது வருடம் முதலாளி மாறினார். யார் அதிகம் வேலை செய்கிறார்கள் என்று கம்ப்யூட்டரையே கேட்டுப் பரிசு கொடுக்கலாம் என்பது புது முதலாளியின் யோசனை. கம்ப்யூட்டர் யோசிக்காமல் பதில் சொன்னது. புத்தாண்டு விருந்தில் ஒலிபெருக்கியில் "திரு பிரமோட்" என்று கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. யார் அந்தப் பிரமோட் என்று ஏற்றுமதிப் பிரிவு மேசையிலேயே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஏழு நாள் இறுதிச் சடங்கில் வாசல் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்ததை ஒருத்தனும் படிக்கவில்லை போலிருக்கிறது. டும்தான் மேடைக்குப் போனாள்.

"வீட்டுக்காரருங்களா? வரலீங்களா?" என்று கேட்டார் முதலாளி.

"ஷிஃப்ட்ல இருக்காருங்க."

"ரொம்ப உழைக்கிறாரு. உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்று கும்பிட்டுவிட்டு, பரிசாகக் கொடுத்த சோறாக்கும் மின்பானையை அணைத்துக்கொண்டு இறங்கினாள். அதில்தான் இன்றைக்கும் சோறு ஆக்குகிறாள்.

அடுத்தது லாட்டரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். டும் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் தானாக ஆறு எண்களைத் துப்பும். ஒரு தடவை டுய்யின் லாகினுக்கு விழுந்த எண்ணின் கடைசி இரண்டும் மறுநாள் லாட்டரியில் அப்படியே வந்துவிட்டன. லெக்கும் அவன் ஆட்களும் அதில் பணம் கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான், தொழிற்சாலைக்கே கிறுக்குப் பிடித்தது. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார்கள். மாதம் இருமுறை வரும் லாட்டரிக்கு முந்தின நாள் என்றால் டப்பா மூடுகிறவன், பெட்டி கட்டுகிறவன், சமையலறைப் பெண்கள் எல்லாரும் பாஸ்வேர்டு மறந்துபோய்விட்டது என்று மாடிப்படி வரை வரிசையில் நின்றார்கள். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் இத்தனை பேருக்கு ஏன் மறதி வருகிறது என்று மேலிடம் கவலைப்பட்டு, மூளைக்கு நல்லது என்று எல்லாருக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் பாங்காக்கிலிருந்து ஆடிட்டர் வந்தான். யார் யார் கம்ப்யூட்டருக்குள் போகிறார்கள் என்று சுத்தமாகக் காட்டினால்தான் டப்பா வாங்குவோம் என்று ஐரோப்பாவில் வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். முப்பது வயதுப் பையன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். சிரிப்பதில்லை, டீ குடிப்பதில்லை, குறுக்கே பேசுவதில்லை. செல்லப்பெயர் மட்டும் பீர்.

இரண்டாம் நாள் பீர் முகம் வெளுத்துப்போய் டும் அறைக்கு வந்தான்.

"அக்கா, பிரமோட்னு ஒருத்தர். மூணு ஷிஃப்டும் வேலை செய்றார். நாலு வருஷமா ஒரு நாள் லீவு இல்ல. ஊரே மூடிக் கெடக்கற சொங்கரான் பண்டிகைக்குக்கூட உள்ளதான் இருந்திருக்கார்."

"உழைப்பாளி" என்றாள் டும்.

"மனுஷனால முடியாதுக்கா. கீழ போய்க் கேட்டேன். அப்படி ஒருத்தர் இல்லவே இல்லங்கறாங்க. பொய் சொல்ற மாதிரியும் தெரியல. இது வெளிநாட்டுத் திருட்டுப் பய வேலை. எவனோ வெளிய இருந்து புகுந்திருக்கான்."

"வெளிய இருந்துதான் தம்பி. ஆனா வெளிநாடு இல்ல."

அவனுக்குப் புரியவில்லை. நாளைக்குப் போலீஸைக் கூப்பிடப் போவதாகவும், ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் அத்தனை பேரையும் விசாரிக்கச் சொல்லப் போவதாகவும் சொன்னான். டுய்யின் பிரிவுப் பையன்கள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பிரமோட்டத்தானே பாக்கணும்? வா, காட்டறேன்."

அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, தன் லேப்டாப் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனான் பீர். லெக் விஷயம் தெரிந்து சிவப்பு சோடா பாட்டிலோடு இன்னொரு வண்டியில் துரத்திக்கொண்டு வந்தான். டும் கோயில் மதிலருகே வண்டியை நிறுத்தினாள். மதிலில் வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள், ஒவ்வொன்றிலும் ஒருவரின் சாம்பல். இடுப்பளவில் இருந்த ஒரு மாடத்தின் முன்னால் போய் நின்றாள். புகைப்படத்தில் டுய் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே பிரமோட் என்று முழுப்பெயர் செதுக்கியிருந்தது.

பீர் படத்தைப் பார்த்தான். கம்ப்யூட்டரைத் திறந்து அதிலிருந்த படத்தைப் பார்த்தான். மறுபடி மாடத்தைப் பார்த்தான்.

"ஃபோட்டோ ஒத்துப்போகுது" என்றான். பழக்கதோஷம். பிறகுதான் அவனுக்குத் தான் சொன்னது உறைத்தது. கம்ப்யூட்டரைப் பொத்தென்று மூடிவிட்டுக் கும்பிட்டான்.

டும் எல்லாவற்றையும் சொன்னாள். பச்சைப் புள்ளியையும் சொன்னாள். கேட்டு முடித்த பீர் அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நான் பசங்க யாரையும் மாட்டிவிடல. அவங்களுக்குத் தனித்தனி லாகின் இன்னைக்கே வாங்கித் தரேன், ஏழு கையெழுத்தும் நானே அலையறேன். ஆனா இத மூடியாகணும். இது திறந்திருந்தா நாளைக்கு எவன் வேணா உங்க வீட்டுக்காரர் பேர்ல திருடலாம். திருடுனது பிரமோட்னுதான் பதிவாகும்."

அது டும்முக்குத் தோன்றியதே இல்லை.

லெக் குறுக்கே புகுந்தான். "அதெப்படி மூடுவீங்க? ஓடிக்கிட்டிருக்கற லாகின மூட அதோட ஓனர் சம்மதம் வேணும், இல்லன்னா பிரிவுத் தலைவர் சம்மதம் வேணும்னு உங்க ரூல்லயே இருக்கு. தலைவன் நான். நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டா அண்ணன் கனவுல வந்து நிப்பாரு."

"அப்ப ஓனர்..." என்று ஆரம்பித்த பீர் பாதியில் நிறுத்தினான்.

"ஓனர் இங்கதான இருக்காரு. ரெண்டு காசு குடுங்க, கேட்டுப் பாத்துருவோம்" என்றான் லெக்.

பீர் பையிலிருந்து இரண்டு பத்து பாட் காசு எடுத்துக் கொடுத்தான். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் மாட்டேன் என்று அர்த்தம். லெக் வீட்டில் ஒவ்வொரு படையலின்போதும் முன்னோர்கள் சாப்பிட்டு முடித்தார்களா என்று இப்படித்தான் கேட்பார்கள். அவன் மண்டியிட்டு, "அண்ணே, உங்க லாகின மூடலாமா?" என்று கேட்டுக் காசைச் சுண்டினான். இரண்டும் தலை. மறுபடி சுண்டினான். இரண்டும் பூ. லெக்குக்கு வாயெல்லாம் பல்.

"அவசரப்படாதீங்க" என்று பீர் நெற்றி வேர்வையைத் துடைத்தான். "மூணாவது தடவையும் தப்பாச்சுன்னா பூட்டிக்கும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அது கம்ப்யூட்டருக்கான சட்டம்.

டும் லெக்கின் கையிலிருந்து காசைப் பிடுங்கினாள். "கேக்கத் தெரியாம கேட்டா எப்படிடா பதில் வரும்?" வழியில் வாங்கிய பொரித்த கானாங்கெளுத்தியைப் பிரித்து மாடத்தின் முன்னால் வைத்தாள். அது வாயில் நீர் ஊற அவன் கேட்டு வாங்கித் தின்கிற மீன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டுச் சுண்டினாள். ஒன்று தலை, ஒன்று பூ.

"காலு வலிக்குதா?"

ஒன்று தலை, ஒன்று பூ.

வலிக்காதா? நாலு வருடம், மூன்று ஷிஃப்டு. நான்தான் வீட்டுக்கு விடாமல் நிற்க வைத்திருக்கிறேன் என்று டும்முக்கு அப்போதுதான் பட்டது. அடுத்த கேள்வியைச் சத்தம் வராமல் கேட்டாள். காசு உருண்டுபோய்ப் புல்லில் விழுந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தலையும் பூவும்.

பீர் தன் அறிக்கையில், உரிமையாளரின் சம்மதம் நேரில் பெறப்பட்டது என்று எழுதிக்கொண்டான்.

மறுநாள் காலை டும் அறைவாசலில் ஏற்றுமதிப் பிரிவு முழுதும் நின்றது. அவர்களுக்குப் பின்னால் டப்பா மூடுகிறவர்கள், அவர்களுக்கும் பின்னால் சமையலறை. மூடுவதற்கு முன்னால் பாஸ்வேர்டைக் கடைசியாக ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது சட்டம். மறுநாள் லாட்டரி.

டும் பொத்தானை அழுத்தினாள். ஆறு எண்கள் வந்தன. வாசல் கழுத்தை நீட்டியது. அவள் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரே ஒரு கேள்வி இருந்தது.

இவர் இன்னும் தேவைப்படுகிறாரா? ஆம். இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊழியர் எண்ணுக்கும் பிரிவுத் தலைவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான் அது. டுய்யின் எண்ணுக்கு மட்டும் லெக் பயந்துகொண்டு பதில் சொல்லாமல் விடுவான். சொல்லாமல் விட்டால் டும்மிடம் வந்து நிற்கும். நாலு வருடமாக அவள் ஆம் என்றே அழுத்தியிருக்கிறாள்.

"இல்லைனு அழுத்துங்கக்கா" என்றான் பீர் மெதுவாக.

"மாட்டேன்."

"அக்கா, நேத்து ஒத்துக்கிட்டீங்களே."

"மூட ஒத்துக்கிட்டேன். ஆனா இது வேற கேள்வி கேக்குது. தேவையானு கேக்குது. ஆடிட்ல பொய் சொல்லக் கூடாதுன்னு நீதான தம்பி சொன்ன?"

"கம்பெனிக்குத் தேவையானுதான் கேக்குது."

"அப்படி எழுதலையே."

பீர் குனிந்து படித்தான். எழுதவில்லைதான். கேள்வியை மாற்ற வேண்டுமென்றால் அந்தப் புரோகிராமைச் செய்த சிங்கப்பூர்க் கம்பெனிக்கு எழுத வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்றான். ஆகட்டும் என்றாள் டும். பீர் திரையின் அடியில் இருந்த ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினான்.

"குறிப்புன்னு ஒண்ணு இருக்குக்கா. நீங்க என்ன வேணா எழுதலாம். எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் ஒருத்தனும் அதப் படிச்சதில்ல."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

டும் எழுதினாள். 'கம்பெனிக்கு இல்லை. எனக்கு வேண்டும்.' ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு இல்லை என்பதை அழுத்தினாள்.

பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. டும் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். இறுதிச் சடங்கில்கூட அவள் அப்படி அழவில்லை. நாலு வருடத்து அழுகை, வாய்விட்டு, மூக்கு ஒழுக. பீர் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

அழுகை ஓய்ந்தபோது லெக் தொண்டையைச் செருமினான்.

"அக்கா... அந்த நம்பர்..."

மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் உணவுக்கூடத்தில் தொலைக்காட்சியை உரக்க வைத்து அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். அந்த எண்ணில் பணம் கட்டாதவன் மகாச்சாயிலேயே இல்லை. பீர்கூடக் கட்டியிருந்தான். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

"அண்ணன் இப்படிக் கவுத்துட்டாரே" என்று லெக் சீட்டைக் கிழித்தான்.

நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து டும் தலையை நிமிர்த்தினாள்.

"உசுரோட இருந்தப்போ அந்த மனுஷன் சொன்ன நம்பர் ஒண்ணாவது விழுந்திருக்காடா? செத்த பெறகு மட்டும் திருந்திருவானா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். டுய் செத்துப்போனான் என்று அவள் வாயால் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. லெக் கையில் திறந்து வைத்திருந்த சிவப்பு சோடாவைப் பார்த்தான். அதை இனி யார் முன்னால் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு டும்மின் பக்கம் நகர்த்தினான். அவள் உறிஞ்சுகுழலை எடுத்துப் போட்டுவிட்டு, பாட்டிலைத் தூக்கி அப்படியே குடித்தாள்.